வால் நறுக்கிய எழுத்துகள்

சிவகாசியில் நான் பக்கம் வடிவமைக்கும் அச்சகத்துக்கு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறு புத்தகம். ஃபாங் மொழியில் அன்றாடம் பேசும் சொற்கள், எதிரே பிரெஞ்சு. எங்கள் மேனேஜருக்கு அப்படியொரு மொழி இருப்பதே வேடிக்கை. அவர் அறிந்த மொழிகள் இரண்டரை. அந்த அரை, வெடி லேபிளில் வரும் இந்தி.

"இதெல்லாம் ஒரு பாசையாலே? இதுக்கு எளுத்து வேற" என்றார்.

ஆங்கில 'என்' எழுத்தின் காலில் வால் தொங்குவதுபோல ஓர் எழுத்து அதில் அடிக்கடி வந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது.

"வாலை நறுக்கிரு. அங்கன எவன் பாக்கப் போறான்?"

நறுக்கினேன். அந்த எழுத்து என் கணினியில் இருந்தது. ஆனாலும் அவர் சிரித்தபோது நானும் கூடச் சிரித்தவன்தான்.

பிழை பார்க்க, புத்தகத்தைத் தொகுத்த ஆசிரியையே இரண்டு பேருடன் வந்துவிட்டார். மேனேஜர் வாசலுக்கு ஓடி, மனப்பாடம் செய்திருந்த ஒரே சொல்லை எடுத்துவிட்டார்.

"ம்போலோ."

"அது ஒருவருக்குச் சொல்லும் வணக்கம்" என்றார் ஆசிரியை ஆங்கிலத்தில். "நாங்கள் மூன்று பேர். ம்போலானி என்று சொல்ல வேண்டும்."

நாள் முழுக்க ஆள் பார்த்து 'வா'வையும் 'வாங்க'வையும் மாற்றிப் போடும் மனிதர், இதற்கு ஏதோ ஜோக் கேட்டவர்போலச் சிரித்தார்.

ஆசிரியை பக்கங்களைப் புரட்டினார். முகம் வாடியது. அந்த எழுத்து எங்கே என்று கேட்டார். எங்கள் கம்ப்யூட்டரில் அது கிடையாது என்று மேனேஜர் கூசாமல் சொன்னார். ஆசிரியை வாதாடவில்லை. பென்சிலை எடுத்து, தாளில் ஒவ்வோர் எழுத்துக்கும் வால் வரையத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்துக்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

"எழுத்து இருக்கிறது, மேடம். நான்தான் எடுத்தேன்."

"ஏலே, பொத்திக்கிட்டு இரு" என்றார் மேனேஜர் தமிழில்.

ஆசிரியை என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன். புறப்படும்போது "அகிபா" என்றார். நன்றி என்று பொருள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

புத்தகம் பிழையில்லாமல் கப்பலேறியது. இப்போது வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மேனேஜர் அதன் பிரதியை எடுத்துக் காட்டுகிறார்.

"நுணுக்கமான பாசைங்க. ஒவ்வொரு எளுத்தா நானே பாத்தேன்."

வந்தவர்களும் தலையாட்டிவிட்டு, அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடிக்கிறார்கள்.