அண்ணையின் இரைப்பை

அண்ணைக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, நான் லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் அதே நோயைப் பற்றித்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். தட்டுகளில் வளரும் இரைப்பை உயிரணுக்களின் மேல் நைட்ரோசமைன் என்ற இரசாயனத்தை விட்டு, எந்த மரபணு அடங்கிப்போகிறது, எது விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பேன். சிகரெட் புகையிலும் உப்பிட்டுக் காயவைத்த மீனிலும் இருக்கிற சாமான் அது.

அண்ணை கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தார். டாக்சி ஓட்டம். வயிற்றெரிவை ‘காஸ்’ என்று சொல்லி மாத்திரை விழுங்கியே சமாளித்தவர், உடம்பு வற்றத் தொடங்கிய பிறகுதான் டொக்டரிடம் போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதற்குள் ஈரலுக்கும் பரவியிருந்தது.

வார்டில் என்னைப் பக்கத்தில் இருத்திக் கேட்டார்.

“நீ படிக்கிற வருத்தம்தானே இது? உள்ளுக்கை என்ன நடக்குது?”

“உயிரணு அளவுக்கு மிஞ்சிப் பெருகாமல் நிப்பாட்டுற மரபணுக்கள் இருக்கு அண்ணை. சில இரசாயனங்கள் அதுகளிலை சிலதைப் பழுதாக்கும். சிலது பழுதாகாது, ஆனால் மூடப்பட்டுப்போகும். இருந்தும் வேலை செய்யாது.”

“மூடினதைத் திறக்க ஏலாதோ?”

“தட்டிலை சிலதைத் திறந்திருக்கிறம்.”

“அப்ப எனக்கு?”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கீமோ கொஞ்சக் காலத்தைத்தான் தந்தது. அந்தக் காலமும் வாந்தியிலேயே போனது. குளிர்காலம் முடிய முன்னர் அண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, அண்ணி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மச்சாள், உண்மையைச் சொல்லுங்கோ. நான் பொரிச்சுக் குடுத்த கருவாடே அவரைக் கொண்டுபோனது?”

“ஒரு சாப்பாட்டைக் காட்டி இதாலைதான் எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது அண்ணி. அவர் சிகரெட்டும் பத்தினவர். இரைப்பையிலை கிருமியும் இருந்தது.”

“அப்ப கருவாடு இல்லையெண்டு சொல்லுங்கோ.”

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். வாய் திறந்தேன், வரவில்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஓம், விளங்குது” என்றார்.

இப்போது அவர் தனக்கென்று எதுவுமே சமைப்பதில்லை. நான் கொண்டுபோகும் சோற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணீரோடு இருந்துவிடுகிறார். சாப்பிடுங்கோ அண்ணி என்று சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை.