ரெண்டாகத் தெரிந்த கயிறு

அப்பா லாரி டிரைவர். அதனால் எங்கள் வீட்டில் பேய், பாம்பைவிடப் பயங்கரமான விஷயம், ஒன்று ரெண்டாகத் தெரிவதுதான். தூக்கக் கலக்கத்தில் ரோடு ரெண்டாகத் தெரிந்து, தொப்பூர் கணவாயில் வண்டியோடு போய்ச் சேர்ந்த டிரைவர்களின் கதையை அப்பா சாப்பிடும்போதுதான் சொல்வார். எனக்குச் சோறு இறங்காது.

என் இடது கண்ணில் பார்வை மந்தம் என்று பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடி கொடுத்தார்கள். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொன்னார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பிறகு வந்ததுதான் கயிறு. வண்ண மணிகள் கோத்த வெள்ளைக் கயிறு. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு மணியையே பார்க்க வேண்டும்.

"எத்தனை கயிறு தெரியுது பாப்பா?" என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் அக்கா கேட்பார்.

"ஒன்னுதாங்க."

இருப்பது ஒன்று, வேறு என்ன சொல்வது? ஆனால் அந்த அக்காவின் முகம் வாடிவிடும். இவ்வளவு சரியாகச் சொல்லியும் பாராட்ட மனசில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு சாயங்காலம் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். திடீரென்று ரெண்டு கயிறு. சிவப்பு மணியில் மட்டும் ஒன்றாகக் கூடி, மறுபடி பிரிந்து போயின. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ரெண்டேதான். அடுப்படியிலிருந்து அம்மா எத்தனை என்று கேட்டபோது, "ஒன்னு, ஒன்னு" என்று கத்தினேன்.

அடுத்த முறை சேலத்துக்கு அப்பாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் பஸ் தொப்பூர் கணவாயில் இறங்க ஆரம்பித்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கயிறு ரெண்டா தெரியுதுப்பா. நான் செத்துப் போயிடுவனா?"

"அழுவாத சாமி. அவங்களயே கேட்டுக்கலாம்" என்றார்.

அப்பா மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னதும் அந்த அக்கா கைதட்டிச் சிரித்தார். "ரெண்டு தெரியணும்னுதாங்க இத்தினி நாளா பாடுபடறோம்! முன்கூட்டியே சொன்னா புள்ளைங்க அதையே ஒப்பிச்சிடும். ரெண்டு கண்ணும் சேந்து பாத்தா கண்ணுக்கு ஒன்னா கயிறு ரெண்டு. ஒன்னுதான் தெரியுதுன்னா ஒரு கண்ணு வேலை செய்யலைன்னு அர்த்தம். வேணும்னா நீங்களே பாருங்க."

அப்பா கயிற்றை மூக்கில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒன்னுதாங்க தெரியுது" என்றார், மெதுவாக.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டார். அப்பா கயிற்றை மறுபடி மூக்கில் வைத்துப் பார்த்தார். கீழே வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அப்பா லாரி ஓட்டவே இல்லை. அதியமான்கோட்டையில் ஒரு பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைக்கு அக்கா சொன்ன விளக்கம் என் மண்டையில் ஏறவில்லை. சாகப்போவதில்லை என்பது மட்டும் புரிந்தது, அந்த நிம்மதியில் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். வண்டி தொப்பூர் வளைவில் ஏறியபோது அப்பா என் கையை வலிக்கும்படி பிடித்தார். அந்த ரோட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

இவருக்கு ஒன்றுதானே தெரிகிறது, இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.