வெலிசாரின் பிறந்தநாள் இண்டெக்ஸ்

எங்கள் அலுவலக மாடியில் யாருக்குப் பிறந்தநாளோ, அவர்தான் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்க வேண்டும். பல்கேரியாவில், எங்கள் பிளொவ்திவ் நகரம் முழுக்க இதே வழக்கம்தான். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வெலிசார் வருஷக்கணக்காக எல்லோர் இனிப்புப் பெட்டியிலும் கைவிட்டவர். அவர் பெட்டியை மட்டும் எவரும் கண்டதில்லை. கேட்டால், "எனக்கா? அது எப்பவோ போயிடுச்சே!" என்பார்.

எங்களுடையது மருந்துக்கடைகளின் தலைமை அலுவலகம். வாடிக்கையாளர், ஊழியர் எல்லோரும் ஒரே அட்டவணையில், லட்சக்கணக்கில் கிடந்தார்கள். 'இன்று பிறந்தவர்கள்' என்று ஒரு பக்கமும் உண்டு. அது திறப்பதற்குள் காபி ஆறிவிடும் என்பதால் யாரும் காத்திருப்பதில்லை.

வர்னா நகரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ரலித்சா சும்மா இருக்காமல் அதை நோண்டினாள். பிறந்த தேதிக்கு அப்படியே இண்டெக்ஸ், அதாவது சட்டென்று தேட உதவும் பட்டியல், போட்டால் அது வருஷ வரிசையில் நிற்கும். எந்த வருஷமானாலும் சரி, இந்த மாதம் இந்த நாள் என்று தேட அது உதவாது. தேதியிலிருந்து மாதத்தையும் நாளையும் பிரித்து, அந்த விடைக்கே இண்டெக்ஸ் போட வேண்டும். வெலிசார் அதைப் போட்டுத்தான் வைத்திருந்தார். ஆனால் எந்தக் கணக்கில் போட்டோமோ அதே கணக்கில் கேட்டால்தான் டேட்டாபேஸ் அதைத் தொடும். இண்டெக்ஸில் மாதம் முன்னால், நாள் பின்னால். அவரே எழுதிய பக்கமோ நாளை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் வைத்துக் கேட்டது. அதனால் தினமும் அட்டவணை முழுக்கப் புரட்டப்பட்டது.

"வெலிசார் அண்ணே, இது கைதவறி வந்ததா?" என்று கேட்டாள் ரலித்சா.

"வயசாயிடுச்சும்மா," என்றார், பால் குடித்த பூனையின் முகத்துடன்.

அவள் அப்போதே பக்கம் கேட்கும் கேள்வியைத் திருத்தினாள். மறுநாள் காலை பக்கம் சட்டென்று திறந்தது. அதில் வெலிசாரின் பெயர்! மாடியே அவர் மேஜையைச் சூழ்ந்துகொண்டது.

"அது தப்பான தேதி. பதிஞ்சவன் கோட்டை விட்டுட்டான்," என்றார்.

"அப்ப மாத்திடுங்கண்ணே," என்றேன் நான். "அட்டவணையில கை வைக்கிற உரிமை உங்களுக்குத்தானே இருக்கு? நாங்க வாயத் திறக்க மாட்டோம்."

அவர் கை கீபோர்டுக்குப் போனது. அப்படியே நின்றது. பக்கத்தை ஆமையாக நடக்கவிட்ட அதே மனிதருக்கு, அட்டவணைக்குள் ஒரு பொய்யை எழுத மனம் வரவில்லை.

"பாவிங்களா!" என்று எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

சுடச்சுட பனித்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரமும் பெரிய சாக்லேட் பெட்டியுமாகத் திரும்பினார். பெட்டியை நீட்டியபடி மேஜை மேஜையாகப் போக வேண்டும். ஒருநாளும் அப்படிப் போய்ப் பழகாத அவரோ வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்த நான் பெட்டியின் பக்கம் கை நீட்டினேன்.

"என்கிட்டேருந்துதான்," என்று கைநிறைய அள்ளிக்கொண்டேன். "நல்லா இருங்கண்ணே."