லோட்டேயின் விரதம்

போன சனிக்கிழமை, ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயிலில், பின்னிருக்கையில் யாரோ ஒரு பொதியைப் பிரித்தார்கள். பொரித்த ரோல்ஸ் மணம். மிளகு, ஆட்டிறைச்சி, கொஞ்சம் கூடவே காய்ந்த எண்ணெய். என் இடது கை தானாக இறுகியது. பிடிப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. என் வழிகாட்டி நாய் காலடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கை இறுகியது இவளுக்காக அல்ல, இவளுக்கு முன்பு என்னோடு நடந்த லோட்டேக்காக.

எனக்குக் கண் தெரியாது. ஆகவே என் நினைவுகள் மணவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒழுங்காக அடுக்குவது எனக்குப் பிடிக்கும். தொழிலும் அப்படி, கணினிக்கு நிரல் எழுதுவது. ரோல்ஸ் மணத்தின் கீழ் இருப்பவள் லோட்டே.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். லாப்ரடோர், பெரிய தலை, ஈரச் சாக்கு மணம். முதுகுப் பட்டையிலிருந்து எழும் பிடியை இடது கையில் பிடித்தால் அவள் உத்தியோகத்தர். ஹம்மில் பழகிய தெருக்களில் அவளைக் குறை சொல்ல ஏலாது. படி வந்தால் நிற்பாள், "ஸூக் டியூர்" என்று ஜெர்மனில் சொன்னால் கதவைக் கண்டுபிடிப்பாள். ஆனால் புது இடம் என்றால் அவள் வேறு நாய். தெரியாத கட்டடம், தெரியாத வாசல் எதுவானாலும் தலையைக் குனிந்து இழுப்பாள். பின்னால் நான் பறப்பேன். கடையொன்றின் வாசலில் அவளோடு நான் நுழைந்த வேகத்தில், உள்ளே நின்றவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

பிழை தேடுவது என் படிப்பு. வழுக்கும் தரையா, சத்தமா, புதுச் சப்பாத்தா, மழையா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு பீலெஃபெல்டில் வேலை கிடைத்தது. புது நகரம், புது நிலையம், புது வாசல்.

லோட்டேயைப் பழக்கிய ஜெர்மன் பெண் தொலைபேசியில் மறைக்காமல் சொன்னாள்: "இப்படி இழுத்தால் உங்களை வீதியில் விழுத்திவிடுவாள். சரிவராவிட்டால் நான் அவளைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்."

அம்மாவிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது.

"நாய் போனால் போகட்டும். நான் கூட வாறன். காலமை கொண்டுபோய் விட்டிட்டு, பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"உங்கட வேலை?"

"அதை விடுறன்."

அம்மா அப்போது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். அந்த வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் அம்மா பாட்டு முணுமுணுக்கக் கேட்டிருக்கிறேன். என் வேலை அவருடைய வேலையை விழுங்குவதை நான் விரும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடி முதல் சம்பளத்தை வாங்கவும் விரும்பவில்லை. சரி, வீம்பும் கொஞ்சம் இருந்தது.

பயிற்சிக்காரி ஒரு நாள் நேரில் வந்தாள். நாங்கள் மேசையைச் சுற்றி இருந்தோம். லோட்டே மேசைக்குக் கீழே, அசைவே இல்லை. நான் பெருமையோடு இருந்தேன். அம்மா ரோல்ஸ் தட்டை விருந்தாளியிடம் நீட்டி, "இந்தாங்கோ" என்றார்.

மேசை ஒருமுறை குலுங்கியது. லோட்டே எழுந்து நின்றாள்.

"அது என்ன சொல்?" என்று பயிற்சிக்காரி கேட்டாள்.

சாப்பாடு கொடுக்கும்போது சொல்வது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம் என்றேன்.

"இவளுக்கு ஜெர்மன் கட்டளைகள்தானே தெரியும். இதை எங்கே படித்தாள்?"

மொழிபெயர்த்தேன். அம்மா தட்டை மேசையில் வைத்தார்.

"ஒரு சின்னத் துண்டு பிள்ளை. வீட்டுக்கு வந்த சீவனுக்கு ஒண்டும் குடுக்காமல் இருக்கலாமோ?"

"வீட்டில மட்டுமோ?"

"இல்லை… சாமத்தியவீட்டிலயும். கலியாண மண்டபத்திலயும். எல்லாரும் தானே குடுக்கிறவை. நான் மட்டுமோ?"

அப்போதுதான் கணக்கு நேராயிற்று. லோட்டே பார்த்த புது இடங்கள் என்னென்ன? கலியாணத்துக்கும் பூப்புனித விழாவுக்கும் எங்கள் ஈழத்துச் சனம் வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களும், முதல் முறை போகும் வீடுகளும். ஒவ்வொரு புதுக் கதவுக்குப் பின்னாலும் ரோல்ஸ், பற்றிஸ், வடை. நாய் தவறே செய்யவில்லை. கண்டதை வைத்து ஒரு விதியை எழுதிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் கூட அதே விதியைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் எங்கள் ஆட்களிடம் "சாப்பாடு குடுக்காதேங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். "பாவம், அதுவும் ஒரு சீவன் தானே" என்று இரண்டு மடங்காக வரும். அடுத்த கலியாண மண்டபத்தில் இந்தச் சிக்கலை அம்மாவே தீர்த்தார். ஒரு மாமியின் வளையல் சத்தம் லோட்டே பக்கம் குனிந்தது.

"இந்தா மோனை, ஒரு வடை."

"குடுக்காதேங்கோ அக்கா," என்றார் அம்மா. "இவ விரதம்."

"நாயோ? என்ன விரதம்?"

"வெள்ளி, செவ்வாய், மற்ற நாளும்."

வளையல் அப்படியே நின்றது. விரதக்காரரை வற்புறுத்திச் சாப்பிட வைக்க எங்கள் ஆட்கள் யாரும் துணியமாட்டார்கள். "எங்கட மனுசனும் இப்பிடி இருந்தால் நல்லது" என்று பின்னால் யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து லோட்டே எங்கள் சமூகத்தின் மரியாதைக்குரிய விரதக்காரி. பயிற்சிக்காரியின் பாடத்தை நானும் விடாமல் செய்தேன். இழுத்தால் நின்றுவிட வேண்டும், பிடியைக் கீழே விட வேண்டும், அவள் மூச்சு சீரான பின்தான் மறுபடி பிடி. கத்தக் கூடாது. நான் கத்தும் ஆள் இல்லை, அந்தப் பகுதி சுலபம்.

வேலை தொடங்குவதற்கு முந்திய நாள் பீலெஃபெல்டுக்கு ஒத்திகை. அம்மா பின்னால் வருவார், வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நிலையத்துக்குள் வெதுப்பகத்தின் ரொட்டி மணம் அலையாக அடித்தது. லோட்டே இழுத்தாள். நின்றேன். பின்னால் வந்தவர்கள் முட்டி முணுமுணுத்தார்கள். மறுபடி இழுத்தாள், மறுபடி நின்றேன். அம்மாவின் கைப்பை ஜிப் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மனுசி தாங்க ஏலாமல் நின்றிருக்க வேண்டும். பிறகு பிடி என் கையில் இலேசானது. வெதுப்பக மணம் பின்னால் போனது. தெரு, படி, ஒரு திருப்பம், என் புது அலுவலகம். "ஸூக் டியூர்" என்றேன். குளிர்ந்த கதவுக் கைப்பிடிக்குக் கீழே லோட்டேயின் மூக்கு தொட்டு நின்றது.

அம்மா கிட்ட வந்தார். "சரி. நாளைக்கு நான் வரேல்லை," என்றார். "எனக்கு வேலை இருக்கு."

லோட்டே ஓய்வு பெற்றதும் அம்மாவிடமே போனாள். பட்டையைக் கழற்றிய அன்று அம்மா, "விரதம் முடிஞ்சுது. இந்தாங்கோ," என்று ஒரு முழு ரோல்ஸைக் கொடுத்தார். அதன் பிறகு அவள் ஆசை தீர இழுத்தாள். வேலைக்கும் கடைக்குமான தெருவைத் தவிர ஹம்மில் வேறு தெரு அறியாத அம்மா, அவள் பின்னால் கால்வாய்க் கரை முழுக்க நடந்தார். "எங்க அம்மா நிக்கிறியள்?" என்று தொலைபேசியில் கேட்டால், "தெரியாது பிள்ளை, இவ கூட்டிக்கொண்டு வந்தவ," என்பார்.

இப்போது எல்லோருக்கும் விதி தெரியும். மண்டபத்தில் இளம் பிள்ளைகள் "தொடலாமா?" என்று கேட்டுவிட்டு விலகுகிறார்கள். அம்மாகூட என் புது நாய்க்கு ஒன்றும் கொடுப்பதில்லை. எல்லாம் நான் கேட்டபடியே நடக்கிறது.

ரயில் வேகம் குறைந்தது. பின்னிருக்கையில் ரோல்ஸ் கடிபடும் சத்தம். நான் குனிந்து, மெதுவாக, "இந்தாங்கோ" என்று சொல்லிப் பார்த்தேன்.

காலடியில் குறட்டை தொடர்ந்தது.