முன்படி மெஷின்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனிதனைத்தான் கடித்திருக்கிறேன். நாச்சாரத்தில், ஒரு தொழிற்சாலை மதில் ஓரம், காலை நேரத்தில், வலது மணிக்கட்டில். வாயில் ரத்தம் உப்புக் கரித்தபோது அது என்னுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்திருக்கலாம் என்றுதான் நினைப்பேன்.

நாங்கள் மௌலா அலியில் வளர்ந்தவர்கள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து இந்தத் தெலுங்கு ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பம். நான் படித்து, மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தால் மட்டும் ஆளே மாறிவிடுவான். ஹெவி லைசென்ஸ் எடுத்து முதலில் லாரி ஓட்டினான், பிறகு பஸ்.

ஊரே ஐ.டி., ஐ.டி. என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. குஷாய்குடாவிலிருந்து மாதாப்பூர் வழியாக லிங்கம்பள்ளிவரை ஒரு முதலாளி தனியாக பஸ் விட்டார். அதற்குத் தம்பிதான் டிரைவர். கண்டக்டர் கிடையாது, ஸ்மார்ட் கார்டுதான். ஏறும்போது மெஷினில் கார்டை ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. போன தூரத்துக்கு மட்டும் காசு கழியும். இறங்கும்போது தட்ட மறந்தால், லிங்கம்பள்ளிவரை போனதாகக் கணக்கு வைத்து முழுக் காசையும் விழுங்கிவிடும்.

அந்த முதலாளி மகா கஞ்சன். பழைய டவுன் பஸ் ஒன்றை வாங்கிப் பெயின்ட் அடித்து விட்டிருந்தான். பஸ்ஸுக்கு வாசல் இரண்டு, மெஷின் ஒன்று. அதுவும் முன்படியில், டிரைவர் பக்கத்தில். இந்த ஊர் பஸ்ஸில் முன்வாசல் பெண்களுக்கு, பின்வாசல் ஆண்களுக்கு. எவ்வளவு பெரிய இன்ஜினியராக இருந்தாலும் பின்வாசலில்தான் தொற்றுவான். டிக்கெட் காசைக் கைக்குக் கை மாற்றிக் கண்டக்டருக்கு அனுப்பிய பழக்கத்தில் கார்டையும் அப்படியே முன்னால் அனுப்பினார்கள். மெஷின் பக்கத்தில் பெரும்பாலும் நான்தான் நிற்பேன், தம்பியோடு வம்பு பேசிக்கொண்டு. சீட்டுக்கட்டு மாதிரி கார்டுகள் என் கைக்கு வரும். ஒவ்வொன்றாகத் தட்டித் திருப்பி அனுப்புவேன்.

ஏறும்போது இது சரி. இறங்கும்போது கார்டு முன்னால் போய் மறுபடி பின்னால் வருவதற்குள் நிறுத்தம் போய்விடும். யார் பொறுப்பார்கள்? மாதாப்பூரில் பின்வாசலிலிருந்து பொத்துபொத்தென்று குதித்து ஓடிவிடுவார்கள். தட்டிவிட்டு இறங்குங்கள் என்று தம்பி எல்லா மொழியிலும் தொண்டை வற்றக் கத்துவான். பின்வாசலில் ஒரு மெஷின் வைக்கச் சொல்லி முதலாளியிடமும் கெஞ்சினான். “நீ வண்டிய ஓட்டு, போதும்” என்பதுதான் கிடைத்த பதில். நானே நேரில் போய்ச் சொன்னபோது அந்த ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

பின்னால் நிற்பவர்களில் ஒருவன் கோயமுத்தூர்ப் பக்கம். புதிதாக வேலைக்கு வந்தவன். “அக்கா, இதக் கொஞ்சம் தட்டி விட்றீங்களா?” என்று இழுத்து இழுத்துக் கேட்பான். அவன் கார்டு உறையில் பழனி முருகன் படம் ஒட்டியிருக்கும். ஒரு நாள் என் டப்பாவிலிருந்து சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “வீட்டு நெனப்பு வந்துருச்சுங்க்கா” என்றான். நல்ல பையன் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

சம்பளம் வந்ததும் எல்லோரும் மாதம் முழுவதுக்குமாகக் கார்டில் பணம் போடுவது வழக்கம். ஒரு மாதம் பாதிகூடத் தாண்டவில்லை, நாச்சாரத்தில் நான் தட்டிய கார்டுகளுக்கெல்லாம் வரிசையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. காசில்லை. அடுத்ததிலும் காசில்லை. முருகன் படம் போட்ட கார்டிலும் காசில்லை. நான் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. டிரைவர் தின்கிறான் என்றான் ஒருவன். டிரைவரும் அவன் அக்காவும் கூட்டு என்றான் இன்னொருவன். தம்பி பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு எழுந்து நின்று தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் ஒன்றையேதான் சொன்னான்.

“மெஷின்தான் எடுத்துக்குது. நான் என்ன பண்ணட்டும்?”

அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் சட்டைக் காலரைப் பிடித்து முன்படி வழியாகக் கீழே இழுத்துப் போட்டார்கள். “கொட்டண்டி” என்றார்கள், “மாரோ” என்றார்கள், “போட்றா அவன” என்றார்கள். அடி என்பதற்கு அன்று எந்த மொழியிலும் வார்த்தைப் பஞ்சமில்லை. இஸ்திரி போட்ட சட்டைகளும் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டுகளுமாக, பளபளக்கும் ஷூ காலால் விலாவில் உதைத்தார்கள். தம்பி மதிலோரம் சுருண்டு கிடந்தான். நான் குதித்துப் போய் டிபன் கேரியரைச் சுழற்றினேன். யார் தலையிலோ ணங்கென்று பட்டது. மூடி தெறித்து, ஒரு வெள்ளைச் சட்டை முழுக்கச் சாம்பார். ஒருத்தன் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவன் முழங்காலில் மிதித்தேன்.

“அக்கா, நக்கோ, வேணாம்! நீ போயிடு!” என்று தம்பி தலையைத் தூக்கினான். தூக்கியிருக்கக் கூடாது.

கோயமுத்தூர்க்காரன் கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை ஓங்கி, தூக்கிய முகத்தில் இறக்கினான். மறுபடி ஓங்கியபோதுதான் அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன். எலும்பு பல்லில் பட்டது. அவன் ஊளையிட்டபடி பாட்டிலைப் போட்டான். அத்தனை பேரும் சட்டென்று விலகினார்கள். என் கடிக்குப் பயந்து அல்ல. தம்பி இடது கண்ணைப் பொத்தியிருந்த விரல்களின் இடுக்கில் வழிந்ததைப் பார்த்துத்தான்.

அந்தக் கண் போய்விட்டது. ஒரு கண்ணோடு இருப்பவனுக்கு ஹெவி லைசென்ஸ் இல்லை. போலீஸில், கும்பலில் யார் அடித்தது என்று எப்படிச் சொல்வது என்று எங்களையே கேட்டார்கள். நான் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. முதலாளி வந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் போய் வேறு டிரைவர் வைத்தான். பின்வாசல் மெஷின் மட்டும் வரவில்லை. தம்பி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தான். ராவும் பகலும் எனக்கு ஒரே ஆத்திரம். இரண்டு தட்டு உடைத்தேன், அம்மாவைத் திட்டினேன், கோயில் பக்கம் போவதை நிறுத்தினேன்.

வேலையை விட முடியாது. இனி வீடு என் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். மாதாப்பூருக்கு நேராகப் போவதும் அந்த ஒரு பஸ்தான். மறுபடி அதில் ஏறி, அதே மெஷின் பக்கத்தில் நின்றேன். கார்டுகள் வழக்கம்போலக் கைக்குக் கை மாறி வந்தன. அடித்தவர்களின் கார்டுகளும்தான். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தட்டிக் கொடுத்தேன். எனக்குள் என்ன ஓடியது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் கூட்டம் குறைவு. ஒரு கை நேராகவே என் முன்னால் நீண்டது. மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு, என் பல் வரிசை. கையில் முருகன் படம் போட்ட கார்டு.

“அக்கா, தம்பிக்கு இப்ப எப்படிங்க இருக்குது?”

கார்டை வாங்கினேன். தட்டினேன். மெஷின் கணக்கில் ஏறினான். தட்டினேன். இறங்கினான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குறைந்தபட்சக் கட்டணம் கழிந்தது. ஏறினான், இறங்கினான், ஏறினான், இறங்கினான். மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புது டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். சிவப்பு விளக்கு எரியும்வரை விடவில்லை.

“என்னங்க்கா பண்றீங்க?” என்றான்.

“மெஷின்தான் எடுத்துக்குது. நான் என்ன பண்ணட்டும்? இப்ப அடி. அன்னைக்கு அடிச்சியே, அதே மாதிரி அடி.”

நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அடிக்கட்டும், இன்னொரு தடவை கடிக்கக் கிடைக்கட்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அவன் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தார்நாக்காவில் இறங்கிப் போனான்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியிடம் சொன்னேன். மெஷின் கத்தியதை, அவன் முகம் வெளிறியதை, எல்லாம் நடித்தே காட்டினேன். பல நாளுக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து கேட்டான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“எதுக்குக்கா இதெல்லாம்?” என்றான். “அவன் நாளைக்கே மறுபடி காசு போட்டுக்குவான்.”

பிறகு, இடது பக்கம் அம்மா வைத்துவிட்டுப் போன டீ டம்ளரைத் தேடி, தலையை முழுவதுமாகத் திருப்பினான்.