ஏலத்துக்குப் போன அந்தூரியம்

எப்சி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். வீட்டுப் பின்புறம் பச்சை வலைக்குக் கீழே நூறு தொட்டி அந்தூரியம் வைத்திருக்கிறாள். நெல்லை வெயிலில் அந்தச் செடியை வளர்க்கக் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். அவளுக்கு அது தாராளமாகவே இருந்தது.

பிச்சியும் மல்லிகையும் மணக்கிற ஊர் இது. வாசமில்லாத பூவை இங்கே யார் மதிப்பார்கள்? கணவர் ஜாஸ்பரின் அக்கா சாரம்மாள், வரும்போதெல்லாம் “பிளாஸ்டிக் பூவுக்கா இம்புட்டுப் பாடு?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியே குடிப்பாள். எப்சி சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும்.

திருவனந்தபுரத்திலிருந்து அவள் வாங்கி வந்த காட்டு இனம் ஒன்று இருந்தது. விரல் நீள ஊதாப் பூ. காலையில் மட்டும் புதினாபோல் லேசாக மணக்கும். அதன் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து, அகலமான சிவப்புக் கலப்பினத்தின் பூ நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் திரியில் நான்கு வருஷமாகத் தடவி வந்தாள். சிவப்புப் பூ ஒன்று மணக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நான்கு வருஷமும் திரி காய்ந்து உதிர்ந்தது. இந்த வருஷம் பிடித்துவிட்டது. பதினேழு பழம். ஏழு மாதம் காத்து, அவை ஆரஞ்சு நிறத்தில் கனிந்து நூலிழையில் தொங்க ஆரம்பித்திருந்தன. அந்த விதை காய்ந்தால் செத்தது. பறித்த அன்றே ஈரத்தில் போட வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பறிக்கலாமென்று இருந்தாள்.

அந்த ஞாயிறுதான், விளைச்சலின் முதல் பங்கைக் கோயிலில் படைக்கிற அறுப்பின் பண்டிகை. பாடகர் குழுவில் நின்று முதல் பாட்டைப் பாடிக்கொண்டே நிமிர்ந்தவள் அடுத்த அடியைத் தவறவிட்டாள். பீடத்தின் முன்னே, வாழைத்தாருக்கும் பூசணிக்கும் நடுவில் அவளுடைய தொட்டி இருந்தது. முதல் காய்ப்பு கர்த்தருக்கு என்று, அவள் முன்னதாகக் கிளம்பிய பிறகு ஜாஸ்பர் தூக்கி வந்திருக்கிறார். கோயில் கமிட்டிப் பொருளாளரான அவர், தம் வரிசையிலிருந்து அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்க வேறு செய்தார்.

படைத்ததைத் திருப்பி எடுக்க முடியாது. ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். அந்த ஏலத்துக்கோ ஒரு வழக்கம் உண்டு: எடுத்தவர் பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். ஒரு எலுமிச்சம்பழம் பத்துக் கை மாறிய வருஷமெல்லாம் உண்டு.

கோயில் முற்றத்தில் அருமைநாயகம் அண்ணாச்சி ஏலம் கூறினார். தொட்டியை ஒருவர் எடுத்தார். தூக்கிக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பழம் விழுந்தது. மேசைக் காலில் கட்டியிருந்த காணிக்கைச் சேவல் அதைக் கொத்தி விழுங்கியது. எப்சி ஜாஸ்பரைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினாள். மனைவிக்குச் சந்தோஷம் என்று நினைத்து அவரும் ஆட்டினார். இரண்டாமவர் எடுத்தார், கொடுத்தார். மூன்று பழம். சேவலுக்கு நல்ல பண்டிகை. மூன்றாவது தடவை எடுத்தது சாரம்மாள். ஒரு கையால் தூக்கி, மறு கையால் அந்தத் திரியைத் தடவிப் பார்த்தாள். நான்கு பழம் மண்ணில் உருண்டது.

இருபது வருஷத்தில் அந்த முற்றத்தில் பாட்டைத் தவிர வேறெதற்கும் சத்தம் எழுப்பாதவள், கூட்டத்தை விலக்கி முன்னால் போய் ஏலம் கேட்டாள். தன் செடியைத் தானே கேட்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். அன்பினால்தான் விலையை ஏற்றிவிட்டார்கள், அந்த அன்பு அவளுக்கு அன்று விஷமாயிருந்தது. கடைசியில் அவள் பெயருக்கே முடிந்தது. அண்ணாச்சி தொட்டியைக் கீழே வைக்காமல், வழக்கப்படி கேட்டார்.

“கோயிலுக்கே குடுத்துருதியளாம்மா?”

முற்றம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. போதகர் ஐயரும் பார்த்தார்.

“தர மாட்டேன் அண்ணாச்சி,” என்றாள். “இது மாசமா இருக்கு. பைய இறக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஜாஸ்பரின் முகம் வெளுத்தது. அவர் எழுந்து வந்து தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீடு வரை அவர் சுமக்க, எப்சி திரிக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தியபடி நடந்தாள்.

எட்டுப் பழம் மிச்சம். பிதுக்கினால் பதின்மூன்று விதை. ஈரத் தேங்காய்நார்த் தூளில் ஒவ்வொன்றாக அவள் வைக்க, ஜாஸ்பர் தண்ணீர் தெளித்தார்.

“கேக்காமத் தூக்கிட்டேன். எம்மேல தப்பு,” என்றார். ஈரத் தூளைக் குனிந்து பார்த்து, “எப்பப் பூக்கும்?”

“மூணு வருஷம் ஆவும்.”

“மணக்குமா?”

“தெரியாது அத்தான்.”

கடைசி விதையை வைத்துக் கண்ணாடித் தட்டால் மூடிய பிறகு அவளே சொன்னாள்.

“மணந்துச்சுன்னா, மொதப் பூவ நானே கோயிலுக்குக் கொண்டு போறேன். சாரம்மா மைனி மோந்து பாக்கட்டும்.”