ஓடாமலே கெட்ட டயர்கள்

டயர் நானா ஒருநாள் ஒரு டயரை உருட்டிக்கொண்டே அலுவலகத்துக்குள் வந்து என் மேசையில் சாய்த்து நிறுத்தினார். மழை பெய்து ஓய்ந்த நேரம். டயரிலிருந்து வடிந்த சேற்றுத் தண்ணீர் மேசைக் காலைச் சுற்றித் தேங்கியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன நானா இது, ஆபீஸா கராஜா?" என்று கேட்டேன். அவர் டயரின் பக்கவாட்டில் இரண்டு பெருவிரல்களையும் வைத்து அழுத்தி வளைத்தார். கறுகறுவென்று இருந்த ரப்பர், வெடித்த குதிகால் மாதிரிப் பிளந்துகொண்டது. "பாருங்க மிஸ், மேல வரியெல்லாம் புதுசு மாதிரி ஈக்கி. ஆனா டயர் எப்பவோ மவுத்தாகிட்டு, உசிரில்ல" என்றார். கீழே யார்டில் நிற்கும், ஜீப்பில் கட்டி இழுக்கிற படகு டிரெய்லரின் டயர் அது. மற்றதும், உபரியும் இதே கதிதான் என்றார். நான் டயரைப் பார்க்கவில்லை, நனைந்த தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைநாட்டில் படகு எதற்கு என்று சிரிக்க வேண்டாம். திகனப் பக்கம் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. குளிக்கப் போய் முங்கிப்போனவர்களைத் தேடவும், மற்ற மாவட்டங்களில் வெள்ளம் வந்தால் உதவிக்கு அனுப்பவும் எங்கள் அலுவலகத்திடம் ஒரு மீட்புப் படகு இருந்தது. அது எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. இங்கே வெட்கப்பட வேண்டிய ஆள் கட்டடம் இல்லை, நான்தான். வாகனப் பிரிவில் நான் கிளார்க். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அரசாங்கக் கதிரையில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தக் கதிரையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானா திகனக்காரர். யார்டில் இருக்கிற அத்தனை வாகனங்களின் டயரும் அவர் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் அந்த ஒரே வேலை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்; டயர் நானா என்றல்லாமல் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

டயருக்கு எங்களிடம் ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட கிலோமீற்றர் ஓடியிருந்தால்தான் புதுசு கிடைக்கும். ஜீப்புக்கும் குப்பை லொறிக்கும் அது சரி. படகு டிரெய்லருக்கு மீற்றரும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. வருடத்தில் நாலைந்து தடவை நீர்த்தேக்கத்துக்குப் போய்வரும், மற்ற நாளெல்லாம் யார்டில் வெயில் குளிக்கும். ஓடினால்தான் தேயும், தேய்ந்தால்தான் மாற்றலாம். நின்ற நிலையில் காய்ந்து செத்தாலும், விதிப்படி அது நல்ல டயர். இந்தக் கூத்து எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதற்கு முந்திய வருடம் ஓட்டம் போதாத ஒரு அம்புலன்சுக்கு டயர் கொடுக்கச் சொல்லி எழுதினேன் என்று கணக்காய்வுக்காரர்கள் என்னைத் துளைத்தெடுத்திருந்தார்கள். சூடு கண்ட பூனைதானே நான். "ஓட்டம் பத்தாது நானா" என்று சொல்லி, டயரை எடுத்துப்போகச் சொன்னேன்.

அவர் விடுகிற ஆளில்லை. யாரிடமும் கேட்காமலே டிரெய்லரை ஜாக்கில் தூக்கி, நாலு கட்டை வைத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினார். ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றால் டயர் அந்த இடத்தில் சப்பையாகிவிடும் என்பார். வெயில் படாமல் சக்கரத்துக்குச் சாக்குப் போர்த்தினார். யார்டில் எல்லோரும் சிரித்தார்கள். "நானா, டிரெய்லருக்குக் காய்ச்சலா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். நீர்த்தேக்கத்திலிருந்து படகு வந்தால், அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றி, தண்ணீர் புகுந்த பெயாரிங்கைத் துடைத்துப் புதுக் கிரீஸ் அடிப்பார். அதைச் செய்யாமல் அவர் வீட்டுக்குப் போனதை நான் கண்டதில்லை. தூரப் பயணமென்றால் காற்றைக் காலையில், வண்டி எடுக்க முன்னமே பார்க்க வேண்டும், ஓடிச் சூடேறிய பிறகு பார்த்தால் அது பொய்க் கணக்குக் காட்டும் என்பார். டிரெய்லரின் சின்னச் சக்கரம் ஜீப்புச் சக்கரத்தைவிட அதிகம் சுற்றும், அதனால் நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி நடுவில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்காத சூடு என்றால் ஒரு அடி நகரக்கூடாது. படகு காலியாக இருக்கிறதே என்று எண்ணெய் ட்ரமும் சாமானும் அதில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் கெட்ட கோபம் வரும். "படகு தண்ணியில தூக்குற பாரத்த டயர் தரையில தூக்குமா?" என்று சத்தம் போடுவார். இவ்வளவையும் நான் காது கொடுத்துக் கேட்டதாக அன்று நினைக்கவேயில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

மாதத்துக்கு ஒருதடவையாவது என்னிடம் வந்து டயரைப் பற்றிச் சொல்வார். எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் எல்லாம் சிங்களத்தில். அவர் சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், எழுத வராது. "நீங்க எழுத வேணாம் நானா. வாயால சொன்னாப் போதும், நான் ஃபைல்ல குறிப்புப் போட்டுக்கிறேன்" என்று நானே பெரிய மனுஷியாகச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "அல்லாஹ் உங்களுக்கு நல்ல பரக்கத்தத் தருவான்" என்றார். நான் குறிப்புப் போடவில்லை. போட்டால் மேலே போகும், மேலே போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அந்த அம்புலன்ஸ் விவகாரமும் கூடவே கிளம்பும். நாளைக்குப் போடலாம் என்று ஒவ்வொரு மாதமும் தள்ளினேன்.

கிழக்கே வெள்ளம் வந்த அந்த வருடம், காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடித்தது. ஊருக்குள் தண்ணீர், ஆட்கள் கூரையில் இருக்கிறார்கள், படகை உடனே அனுப்புங்கள் என்றார்கள். நானா டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த டயரில அந்தத் தூரம் போக ஏலா சேர்" என்றார். எங்கள் அலுவலகப் பெரியவர் கத்தினார். மனிதர்கள் தண்ணீரில் நிற்கும்போது நீ டயர் பார்க்கிறாயா என்று கேட்டார். நானா வேலையைத் தொடங்கினார். காற்று அடித்தார், கிரீஸ் அடித்தார். படகிலிருந்த எண்ணெய் ட்ரம்மை இறக்கி ஜீப்புக்கு மாற்றினார். இருந்த மூன்று டயரில் மோசத்தில் குறைந்த இரண்டைப் பூட்டி, மற்றதை உபரியாகப் போட்டார். தானும் கூடப் போவதாகச் சொல்லி, சாரதி பக்கத்தில் ஏறப் போனவர், திரும்பி என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், நான் வாயால செல்லிக்கொண்டு வந்த டயர் விசயம், குறிப்புப் போட்டீங்கதானே?"

"போட்டுட்டேன் நானா, நீங்க போங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

மஹியங்கனைப் பாதையில் பதினெட்டு வளைவு என்கிற மலை இறக்கத்தில், பாதியிலே இடது டயர் வெடித்தது. டிரெய்லர் இழுபட்டு ஓரக் கட்டையில் மோதிக் கவிழ்ந்தது. படகு அறுந்து பள்ளத்தில் போய் இரண்டாகப் பிளந்தது. ஜீப்பில் இருந்த இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. படகு போய்ச் சேரவில்லை. அந்த ஊரில் கூரையில் இருந்தவர்களுக்கு வேறு படகு கிடைத்ததா இல்லையா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம், அவ்வளவுதான்.

படகு போனால் அரசாங்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும். விசாரணை வைத்தார்கள். நீண்ட மேசை, மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் நானாவும் நானும். டயர் மோசம் என்று முன்னமே தெரிந்தும் அறிவிக்காமல் இருந்தார் என்பது அவர் மேல் குற்றம். பலமுறை மிஸ்ஸிடம் சொன்னேன் என்று நானா ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "இவர் டயரைப் பற்றி உங்களுக்கு அறிவித்தாரா?" என்று கேட்டார். நானா என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நம்பியிருந்தார். நான், "எழுத்தில் எதுவும் வரவில்லை சேர்" என்றேன். ஒரு சொல் பொய் இல்லை. நியாயஸ்தலத்தில் சத்தியம் பண்ணிக்கூடச் சொல்லலாம். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதில்லை.

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஏதோ வாகனத்தில் வழக்கத்தில் இல்லாத சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக் கேட்பாரே, அப்படிப் பார்த்தார். அதிகாரி அவரிடம், "அது சரியா?" என்று கேட்டார். "சரி சேர். எழுத்தில குடுக்கல்ல" என்றார். அவ்வளவுதான். கடமையில் கவனக்குறைவு என்று எழுதி, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது.

அதற்குப் பிறகு விதியை மாற்றினார்கள். ஓட்டம் எவ்வளவு என்றாலும், வயதான டயரை மாற்ற வேண்டும் என்று வந்தது. நீண்ட பயணத்துக்கு முன் டிரெய்லரில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் தயாரிக்கச் சொல்லி என்னிடமே தந்தார்கள். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். காற்றைக் காலையில் பார், நிறுத்துமிடத்திலெல்லாம் கை வைத்துப் பார், படகில் சாமான் ஏற்றாதே, கட்டையில் தூக்கி நிறுத்து, சாக்குப் போர்த்து. எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. மூன்று மொழியிலும் அச்சடித்து யார்டில் ஒட்டினார்கள். மிக நல்ல வேலை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது. வேண்டாம் என்று சொன்னேனா? சொல்லவில்லை.

போன மாதம் திகனவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. நானா இப்போது மருமகனுடைய கடையில் உட்கார்ந்து முச்சக்கர வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "வாங்க மிஸ், இரிங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். மகளைக் கூப்பிட்டுப் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். பேச்சுத் தொடங்க வழி தெரியாமல், பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து வாசித்தார்.

"எல்லாம் சரியா ஈக்கி" என்றார் கடைசியில். "ஒன்டு மட்டும் இல்ல. சக்கரம் பூட்டினா, கொஞ்சத் தூரம் ஓடின பொறகு நிப்பாட்டி, நட்டெல்லாம் இன்னொருக்கா முறுக்கோணும். எழுதினவருக்கு அதச் செல்லோணும். யார் எழுதின மிஸ்?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இது நீங்கள் சொன்னது நானா, நான் எழுதினேன், அன்றைக்கு உங்களைக் கைவிட்டவள் நான்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன்.

"கொழும்பில இருந்து வந்தது நானா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"தெரிஞ்ச மனிசன்தான் எழுதீக்கிறாரு. கண்டா, நான் சலாம் சொன்னேன் என்டு செல்லுங்க" என்றார்.

"சொல்றேன் நானா" என்றேன்.